சங்கிலியில் இரண்டாவது ஆள்

பச்சைத் தோலைக் கையில் கொடுத்தால் அந்த மாடு எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், ஆனால் உண்மை. மயிர்ப் பக்கத்தைப் பார்த்து விலை பேசுகிறவன் ஏமாளி. தோலைத் திருப்பிப் போட்டு, சதைப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து ஒரே இழுப்பு இழுக்க வேண்டும். உரித்தவன் கத்தி எங்கே ஆழமாக இறங்கியது, உண்ணி எங்கே கடித்தது, எல்லாம் விரலுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் வாத்தியாரிடம் அடி வாங்கிக்கொண்டு வெளியே ஓடியவன் நான். திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயிலேறி, தாராவியில் தோல் சுமந்து, பிறகு சொந்தக் கோடவுன் போட்டு, என் கையெழுத்தை மட்டும் எழுதப் படித்துக்கொண்டு, படித்த பத்துப் பேர் என் வாசலில் காத்து நிற்கும்படி ஆனவன். அதற்கு இந்தக் கட்டைவிரல்தான் காரணம்.

ஆட்களைப் பார்ப்பதும் அதே விரல் வேலைதான். எங்கள் சந்தில் ஒரு சடுகுடு அணி வைத்திருந்தேன். பம்பாயில் கபடி என்பார்கள். அந்த நாளில், சீனாச் சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும், மில்காரர்களும் கம்பெனிக்காரர்களும் தங்கள் பெயருக்கு ஆட ஆள் தேடி அலைந்தார்கள். நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுப்பார்கள். முதல் வருஷம் பார்ப்பார்கள். தேறினால் நிரந்தரம், பி.எஃப்., கம்பெனி வீடு. தேறாவிட்டால் வந்த வழியே அனுப்பிவிடுவார்கள். எங்கள் சந்திலிருந்து நான் கை காட்டிப் போனவர்களை ஒன்றாக நிறுத்தினால் ஓர் அணி நிற்கும். ஒருத்தன்கூட வந்த வழியே திரும்பியதில்லை.

செம்பூர்ப் பக்கத்துப் பெரிய கம்பெனி ஒன்றில் விளையாட்டுக் காரியங்களைக் கவனித்தவர் ஒரு மராட்டிய சாஹேப். அவரும் ஒரு காலத்தில் ஆடியவர்தான், மூக்கு ஒரு பக்கமாக வளைந்திருக்கும். ஆள் எடுப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்க மாட்டார். அன்றைக்குக் கிங்ஸ் சர்க்கிள் ஓட்டலுக்கு என்னை வரச் சொன்னார். காப்பியைச் சாஸரில் ஊற்றி ஆற்றிக்கொண்டே இந்தியில் பேசினார்.

"சேட், உங்க தாராவிப் பையன் ஒருத்தன் காலேஜ் அணியில ஆடறான். சங்கிலியில ரெண்டாவது ஆள். போன மேட்ச்சில அவன் ஒரு பிடிகூடப் பிடிக்கலை. ஆனா அவன் நின்ன பக்கம் ஒருத்தனும் தப்பிச்சுப் போகலை. எனக்குப் புரியலை."

"உங்களுக்குப் புரியாததைப் புரிஞ்சுக்கத்தானே எனக்குக் காப்பி வாங்கிக் குடுக்கீங்க" என்றேன்.

சிரித்தார். "ஒரு இடம்தான் இருக்கு. மழைக்கு முன்னாடி எடுக்கணும். நல்லாப் பாரு. ஓட்டை இருந்தா ஓட்டைன்னு சொல்லு."

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எதிரணியிலிருந்து ஒருவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு வருவான். யாரையாவது தொட்டுவிட்டுத் தன் கோட்டுக்குத் திரும்பினால் தொடப்பட்டவன் அவுட். அவனைத் திரும்பவிடாமல் அமுக்குவது இவர்கள் வேலை. அமுக்குகிறவர்கள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிற்பார்கள். அதுதான் சங்கிலி. ஓரத்து ஆள் பாய்ந்து காலைப் பிடிப்பான். கூட்டம் கைதட்டுவது அவனுக்கு. அடுத்து நிற்கும் இரண்டாவது ஆள் அவன் கையை விடாமல் சுற்றி வந்து, பாடி வந்தவன் தப்பிக்கும் வழியை அடைக்க வேண்டும். கதவு சாத்தியதை எல்லாரும் பார்ப்பார்கள். கீலை யார் பார்க்கிறார்கள்? நான் பார்ப்பேன்.

அந்தப் பையனை எனக்கு முன்பே தெரியும். அவன் அப்பா பக்கத்துத் தோல் பட்டறையில் சுண்ணாம்புக் குழி வேலை. தோலில் மயிர் உதிர்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். நாளெல்லாம் அதில் நின்று மிதிக்கிற வேலை. மனுஷனுக்குக் கால் இரண்டும் புண்ணாகி, இருமலும் சேர்ந்து, பாதி நாள் வேலை, பாதி நாள் பாய். மகன் மாட்டுங்காவில் பி.ஏ. கடைசி வருஷம். எங்கள் சந்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். கழுத்து தடித்து, தோள் சரிந்து, பார்ப்பதற்கு ஒரு மந்தமான உருவம். நடந்தால் பூமி அதிராது, அதுதான் எனக்குப் பிடித்தது. கனமான உடம்பு, சத்தம் இல்லாத கால்.

முதல் ஞாயிற்றுக்கிழமை லேபர் கேம்ப் பக்கத்து மைதானத்தில் அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போய் நின்றேன். பந்தயம் கட்டுகிறவர்கள் எல்லாம் பாடி வருகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இவன் இடுப்புக்குக் கீழேயே கண்ணை வைத்திருந்தேன். இடித்தால் பின்னால் போகவில்லை. முழங்காலைப் பூட்டவில்லை. எதிரி ஏமாற்றுவதற்காகத் தோளை ஆட்டும்போது இவன் தோளைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தான். வயிறு போகிற பக்கம்தானே ஆள் போவான்! யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை இது. ஆட்டம் முடிவதற்குள் மனதுக்குள் 'முதல் தரம்' என்று முத்திரை குத்திவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சதைப் பக்கத்தைப் பார்த்தேன்.

ஓரத்து ஆள் ஒரு மோதலில் காலைப் பிடித்துவிட்டான். பாடி வந்தவன் யானை மாதிரி, கால் பிடித்தவனைத் தரையோடு இழுத்துக்கொண்டே கோட்டை நோக்கிப் போனான். இந்தப் பக்கம் நம் ஆள், அந்தப் பட்டறைப் பையன், ஓரத்து ஆளின் கையைப் பிடித்திருக்கிறான். நடுவில் ஓரத்து ஆளின் தோள், இரண்டு பக்கமும் இழுபட்டு விறைத்து நிற்கிறது. அந்த நொடியில் நம் ஆளின் விரல்கள் விரிந்தன. வியர்வையில் வழுக்கவில்லை. விட்டான். கூட்டம் "ஐயோ, நழுவிடுச்சே" என்றது. எனக்கா தெரியாது? வழுக்கும் கை கடைசி விரல்வரை போராடும். இவன் கை பூ விரிகிற மாதிரி விரிந்தது.

மூன்றாவது ஞாயிறும் ஒருமுறை அப்படியே. ஆட்டம் முழுக்க ஒரே முறை. ஆனால் கம்பெனி அணிகள் மோதும் இடத்தில் அந்த ஒரு முறையில்தான் கோப்பை போகும்.

அந்த வாரமே அவன் அம்மா கோடவுன் வாசலுக்கு வந்து நின்றாள். சாஹேப் என்னைக் கேட்டிருக்கிறார் என்று சந்துக்கே தெரிந்துவிட்டது.

"பாய், உள்ள வரலாமா?"

"வா தாயி. நாத்தம் பிடிக்கும், ஒதுங்கி நில்லு."

"எனக்கென்ன புதுசா? வீட்டுக்குள்ளயே அந்த நாத்தம்தானே." முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவனுக்கு வேலை ஆயிருமாம். பொய் சொல்லச் சொல்லலை. உள்ளதைச் சொல்லுங்க, அது போதும். இல்லேன்னா அவங்க அப்பா வாங்கின முன்பணத்துக்குப் பட்டறை முதலாளி இவனையும் குழியில இறங்கச் சொல்லுதாரு. ஒரு வீட்டுல ரெண்டு கால் வெந்தது போதாதா பாய்?"

உள்ளதைச் சொல்லச் சொல்கிறாள்! உள்ளது என்னவென்று அந்தப் பொம்பளைக்குத் தெரியாது. தலையை ஆட்டி அனுப்பிவைத்தேன். அன்றைக்கு வந்த சரக்கில் இரண்டு தோலை முதல் தரத்தில் போட்டுவிட்டு மறுபடியும் எடுத்து மாற்றினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கை தடுமாறியது கிடையாது.

அவனைக் கூப்பிட்டு அனுப்பினேன். கையில் புத்தகத்தோடு வந்தான்.

"ஏலே, கையைக் காட்டு."

"என்ன பாய், ஜோசியமா?"

"ஆமா, உனக்கு எப்பக் கல்யாணம்னு பாக்கேன். காட்டுலே."

காட்டினான். நல்ல கை. அகலமான உள்ளங்கை, குட்டை விரல், பிடிப்பதற்கென்றே பிறந்த கை. ஒரு குறையும் இல்லை. "அப்புறம் ஏன் விடுதே?" என்றேன்.

முகம் கறுத்துவிட்டது. "நழுவிருது பாய்."

"சாஹேப்கிட்ட இதைச் சொல்லு, நம்புவாரு. என்கிட்டச் சொல்லாதே."

கொஞ்ச நேரம் புத்தகத்தின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்தினான். பிறகு சொன்னான். போன வருஷம் காலேஜ் அணியில் அவனுக்கு ஓரத்து ஆளாக ஆடியவன் மாட்டுங்காவில் ஆபீஸ் உத்தியோகக் குடும்பத்துப் பையன், நல்ல சிநேகிதன். ஒரு மேட்ச்சில் இதே மாதிரி இழுப்பு வந்திருக்கிறது. இவன் விடவில்லை. மேட்ச் ஜெயித்தது. சிநேகிதன் தோள் கழன்றுவிட்டது.

"கழண்ட சத்தம் என் கையில கேட்டுச்சு பாய். காதுல இல்ல, கையில. இப்பவும் அவன் பஸ்ஸில கம்பியைப் பிடிக்கணும்னா எடது கையைத்தான் தூக்குதான். என்கூடப் பேசத்தான் செய்யுதான். ஒண்ணும் சொல்லலை. அதான் பெரிய கஷ்டம்."

"அதுக்காக விட்டுருவியா?"

"நான் விடணும்னு நெனைக்கலை பாய். கை விட்டுருது."

ஆட்டக்காரனுக்கு ஓட்டை, மனுஷனுக்கு அது ஓட்டையா என்று எனக்குத் தெரியவில்லை. தோலில் கத்தி பட்டிருந்தால் இரண்டாம் தரம், அவ்வளவுதான், தோல் பேசாது. என் வீட்டுக்காரி சோற்றை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஊரு மாட்டுத் தோலெல்லாம் பாத்துச் சொல்லுவீங்க. ஒரு புள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மூணு நாளாச் சோறு இறங்கலை." என்னை மட்டம் தட்டுவதற்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் அவள் விட மாட்டாள்.

ஓட்டை என்று சொன்னால் அவன் குழியில் இறங்குவான். ஓட்டை இல்லை என்று சொன்னால் என் வார்த்தை பொய். முதல் வருஷம் முடிவதற்குள் சாஹேப்பும் கண்டுபிடித்துவிடுவார். அப்போது அவனும் திரும்புவான், என் பேரும் போகும். யோசித்து யோசித்து, படித்தவன் யாருக்கும் வராத யோசனை எனக்கு வந்தது. நானே சங்கிலியில் நிற்பது.

எனக்கு அப்போது நாற்பதைத் தொடும் வயசு. தொந்தி வந்துவிட்டாலும் கை கால் இரும்பு. என் கோடவுனில் மூட்டை தூக்குகிற சத்தாராக்காரன் ஒருவன் இருந்தான், ஆள் ஒரு லாரி. அவனைப் பாடி வரச் சொன்னேன். சாயங்காலம் மைதானத்தில் எங்கள் அணிப் பையன்கள் வேடிக்கை பார்க்க, நான் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு அரைக்கால் சட்டையோடு ஓரத்தில் நின்றேன். சிரிப்பாகச் சிரித்தார்கள்.

"பாய், தரை தாங்குமா?"

"கோட்டுக்கு இந்தப் பக்கம் பாய், அந்தப் பக்கம் அவுக தொந்தியா?"

சிரிக்கட்டும் என்று விட்டேன். நம் ஆளின் கையைப் பிடித்தேன். வேர்த்திருந்தது.

"இதோ பாரு. நான் அவன் காலைப் பிடிப்பேன். பிடிச்சா விட மாட்டேன். நீயும் விடக்கூடாது. என் தோளு என் பாடு. உனக்கு அதுல ஒரு ஜோலியும் கெடையாது. வெளங்குதா?"

"வேண்டாம் பாய்."

"கேக்கேன்லா, வெளங்குதா?"

சத்தாராக்காரன் பாடிக்கொண்டு வந்தான். என் காலடிக்கு வந்ததும் விழுந்து அவன் கணுக்காலைக் கட்டிக்கொண்டேன். என்னையும் சேர்த்து இழுத்தான். தோள் விறைத்தது. அந்த நேரத்தில், நான் பார்த்து வைத்திருந்த அதே மாதிரி, என் கை விடுபட்டது. மூஞ்சி மண்ணில் உரசிக்கொண்டே கோடுவரை போனேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சத்தாராக்காரன் மட்டும் பயந்துபோய், "சேட், லாகலா கா?" என்று அடிபட்டதா என்று கேட்டான்.

எழுந்து மண்ணைத் துப்பினேன். கோபம் வந்துவிட்டது. "ஏலே, உன் அம்மா என் வாசல்ல வந்து நின்னா தெரியுமா? ரெண்டு கால் வெந்தது போதாதான்னு கேட்டா. நீ என் தோளைக் காப்பாத்துதியா? உன் காலைக் காப்பாத்துலே!"

அவன் கையை மண்ணில் தேய்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தான். இந்த முறை விரல்களை அல்ல, மணிக்கட்டை.

மறுபடியும் சத்தாராக்காரன் பாடி வந்தான், நான் விழுந்தேன், இழுத்தான். தோள் விறைத்தது. விறைத்ததற்கு மேலேயும் விறைத்தது. இப்போது பையன் விடுவான், இப்போது விடுவான் என்று ஒரு பக்கம் மனசு. விட்டுவிட மாட்டானா என்று இன்னொரு பக்கம். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவன் விடவேண்டும் என்று அல்லாவை வேண்டிக்கொண்டேன். அவன் விடவில்லை. சுற்றி வந்து வழியை அடைத்து, சத்தாராக்காரனை இடுப்போடு சாய்த்து, மூன்று பேரும் ஒரே குவியலாக விழுந்தோம். என் தோளிலிருந்து ஈர மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

பாடி வந்தவன் மூச்சு விட்டுவிட்டான், ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் என் மணிக்கட்டை இவன் விடவில்லை. பையன்கள் வந்து விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பிரித்ததும் ஓரமாகப் போய்க் குந்தி வாந்தி எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் தோளை ஏற்றி வைத்துக் கட்டுப் போட்டார்கள். கட்டோடு கிங்ஸ் சர்க்கிள் போனேன். சாஹேப் என்னைப் பார்த்ததும் காப்பியை மறந்துவிட்டார்.

"என்ன சேட் இது?"

"நீங்க கேட்ட பதில்" என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். ஓட்டையையும் சொன்னேன், அது அடைந்ததையும் சொன்னேன். மறைக்கவில்லை. என் வார்த்தைக்கு அப்போதும் மாசு வரவில்லை.

சாஹேப் மேஜையைத் தட்டினார். வளைந்த மூக்கு சிவக்கச் சிரித்தார். "உன் தோளையே கழட்டிட்டானா! விடலையா! இவன்தான் எனக்கு வேணும். இப்படி ஒருத்தனைத்தான் இத்தனை வருஷமாத் தேடறேன்."

எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் கணிப்பு பலித்தது, அவனுக்கு வேலை, அவன் அம்மா கும்பிடப் போகிறாள், எல்லாம் சரி. ஆனால் சாஹேப் எதைக் கண்டு சந்தோஷப்படுகிறார்? மாட்டுங்காப் பையனின் தோளைக் கழற்றிய கையை. அது அவன் மறக்கத் துடித்த கை. அதைத்தான் நான் மண்ணில் விழுந்து, திட்டி, அம்மா பேரைச் சொல்லி, திரும்ப வெளியே இழுத்துக் கொண்டுவந்து இவர் முன்னால் முதல் தரம் என்று வைத்திருக்கிறேன்.

வேலை உத்தரவு வந்ததும் அவன் என்னைப் பார்க்க வந்தான். புதுச் சட்டை, சீவிய தலை. நன்றி சொல்லக் கையை நீட்டினான். என் வலக்கையில் கட்டு இருந்தது, இடக்கையைக் கொடுத்தேன். விரல் நுனிகளை மட்டும் தொட்டான். தொட்டதும் விட்டுவிட்டான். நெருப்பைத் தொட்ட மாதிரி.

"ரொம்ப வலிக்கா பாய்?"

"எனக்கா? இதெல்லாம் கொசுக்கடி."

அவன் போன பிறகு என் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கை கம்பெனி ஆட்டத்தில் பிடிக்குமா? முதல் வருஷம் தாண்டுமா? கண்ணால் தோலைத் துளைத்துவிடுகிற எனக்குத் தெரியவில்லை.

மழை போய், குளிர் வந்து, கம்பெனி அணிகளின் ஆட்டம் தொடங்கியது. அவன் அம்மா வந்து, "நீங்க பாத்தீங்களா பாய், நல்லா ஆடுதானா?" என்று கேட்டாள். கோடவுனில் வேலை என்று சொல்லி இரண்டு மூன்று ஆட்டம் போகாமல் இருந்துவிட்டேன். கடைசியில் ஒருநாள் செம்பூர் போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அவனுக்குத் தெரியக்கூடாது.

அவன் சங்கிலியில் இரண்டாவது ஆளாக நின்றான். ஓரத்து ஆள் ஒரு மெலிந்த மராட்டியப் பையன், சின்னத் தோள். எதிரணியிலிருந்து ரயில்வேக்காரன் ஒருவன் பாடி வந்தான். மெலிந்தவன் விழுந்து காலைப் பிடித்தான். இழுப்பு ஆரம்பித்தது. மூங்கில் மாதிரி அந்தக் கை நீண்டு விறைப்பது தெரிந்தது. என் வலத்தோள் தானாக வலித்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆயிரம் தோலைத் திருப்பிப் பார்த்தவனால் அந்த நேரத்தில் பார்க்க முடியவில்லை.

கூட்டத்தின் சத்தம் வைத்தே எனக்குத் தெரியும். ஆள் தப்பினால் ஒரு மாதிரி கத்துவார்கள், நீளமாக. பிடிபட்டால் வேறு மாதிரி, வெட்டினாற்போல. வெட்டினாற்போலக் கத்தினார்கள். பிடித்துவிட்டான். அவன் வேலை நிலைத்தது. அதற்குப் பிறகு அலறல் ஏதாவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது மெலிந்தவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். எல்லாரும் ரயில்வேக்காரனைச் சுற்றிக் குதித்தார்கள். சாஹேப் தொப்பியைக் கழற்றி வீசினார். நம் ஆள் மட்டும் குதிக்கவில்லை. அந்த மெலிந்தவன் பக்கத்தில் போய், அவன் கையை முழங்கையில் பிடித்து, மெதுவாக மேலே தூக்கினான். காதுவரை போகிறதா என்று பார்த்தான். கீழே இறக்கினான். மறுபடியும் ஒருமுறை தூக்கிப் பார்த்தான்.

"அரே, என்னாச்சு உனக்கு?" என்று மெலிந்தவன் சிரித்துக் கையை உதறிக்கொண்டான்.

இவர்கள் பாடிப் போகிற முறை முடிந்ததும், எதிரணியின் அடுத்த ஆள் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தான். நம் ஆள் மெலிந்தவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தன் இடத்தில் நின்றான்.